இறங்க வைத்த வீடு

பழைய வீடு ஒன்றைக் காண்பதும் பழைய நூல் ஒன்றைப் படிப்பதும் ஏறக்குறைய ஒரே தன்மையான செயல்களாம். நூலுக்கு ஆசிரியன் உண்டு. வீட்டுக்குக் கட்டுவித்தவன் உண்டு. நூலில் சொன்ன விஷயமும் உண்டு, சொல்லாது விட்ட விஷயமும் உண்டு, வீட்டிலும் அவ்வாறே. ஒரு நூலைப் படித்து, “நடை அழகாயிருக்கிறது, அச்சு தெளிவாயிருக்கிறது” என்று மட்டும் சொல்லி மூடிவிடுபவனை நாம் மதிப்புரைகாரன் என்று ஒப்புவதில்லை. ஆனால் ஒரு மாளிகையைக் கண்டு, “தூண்கள் அழகு, காற்று சுகம், தோட்டம் பசுமை” என்று எழுதி முடிப்பவனுக்கு நமது பத்திரிகைகள் தாராளமாக இடமளித்து வருகின்றன. இவ்வழக்கத்தைக் குறித்துச் சில சொற்கள் கூறவே இதனை எழுதத் துணிந்தோம்.

பழந்தோட்ட மாளிகைகளைச் சென்று காண்பது இக்காலத்தில் ஒரு பெரும் யாத்திரையாகிவிட்டது. அமெரிக்க நாட்டில், அடுப்பும் கட்டிலும் நீர்த்தொட்டியும் உள்ளடங்கிய வீட்டு வண்டிகளிலே குடும்பத்தோடு புறப்பட்டு, வாரக்கணக்காக ஊர் சுற்றி, வழியில் மாளிகை கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே சென்று வருகின்றனர். மலேசியாவிலும் ‘கேரவன்’ என்று வழங்கும் இவ்வண்டிகள் சிறிது சிறிதாகத் தோன்றி வருகின்றன. தன் வீட்டைத் தன்னுடனேயே இழுத்துச் செல்பவன் பிறன் வீட்டைப் பார்ப்பதற்காக நிற்கிறான் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. சிங்கப்பூரோ சிறிய தீவு. இங்கே பஸ்ஸும் ரயிலுமே போதும். வண்டி எதுவாயினும் செயல் ஒன்றுதான்: நிறுத்துகிறோம், இறங்குகிறோம், பார்க்கிறோம். ‘இறங்குதல்’ என்னும் இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னே இதற்கு வேலை உண்டு.

சிங்கப்பூரில் தோட்ட மாளிகை என்ற பெயருக்குரியதாக இன்று காட்டப்படுவது, தாவரத் தோட்டத்திலுள்ள பர்கில் மண்டபம். அதனையே இங்கு மதிப்பிட எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அங்குச் செல்லுமுன் சைனாடவுனில் சற்று நின்று போவதே முறையாகும். ஏனெனில், இந்நாட்டு ரப்பரின் கதைக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. மதிப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோலும் அங்கேயே கிடைக்கிறது.

சைனாடவுனில் தெலுக் ஆயர் வீதி என்று ஒன்றுண்டு. கடலைத் தூர்ப்பதற்கு முன்னர் அவ்வீதியே கரையோரமாயிருந்தது. சீனரும் தமிழரும் வந்திறங்கிய இடம் அது. வந்திறங்கிய சீனர் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில் 1842இல் நிறைவெய்தியது. அதே வீதியில் நம் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவை எழுப்பினர். சீனக் கோயிலைக் கட்டுவித்த பெரியோருள் முதன்மையானவர் டான் டொக் செங் என்னும் வணிகர். அவருடைய பேரனாகிய டான் சே யான் என்பவரே 1896ஆம் ஆண்டில் மலாக்காவிலுள்ள புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டார். இம்முயற்சியில் மலாயாவில் முன் நின்றவர் அவரே. துரைமார் காப்பியைக் கட்டிக்கொண்டு தயங்கி நின்றபோது ஒரு சீனர் துணிந்தார் என்பது சரித்திரம்.

இதே சைனாடவுனில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைக் கொண்டு பெயர் பெற்றது பகோடா வீதி. அவ்வீதியிலுள்ள கடைவீடுகள் சிலவற்றில் 2002ஆம் ஆண்டில் ஒரு மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அங்கே காட்டப்பட்டவை செல்வர் கூடங்களல்ல. பலகையால் தடுத்த சிற்றறைகள், ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், கூலிக்காரன் படுத்த பலகை, கட்டட வேலைக்குச் சென்ற பெண்டிர் சமைத்த பொதுவடுப்பு, தையற்காரனின் மேசை. சைனாடவுனின் செல்வத்தைக் காட்ட விரும்பியிருந்தால் காட்டுவதற்கு அங்கே எவ்வளவோ உண்டு. இருந்தும், அச்செல்வம் எந்தத் தோளின்மேல் நின்றது என்பதைக் காட்டுவதே சரித்திரம் என்று அந்நிலையத்தார் கருதினர். ஒரு பழைய வீடு நன்றாகக் காட்டப்படுகிறதா என்று அறிய நாம் கொள்ளும் அளவுகோல் இதுவே: வீட்டின் தலைவனைக் கண்டபின், அவ்வீட்டை நிற்கவைத்த உழைப்பாளியும் நம் கண்ணிற் படுகிறானா?

லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் சாலையருகே இருக்கும் டான் டெங் நியா வீட்டுக்கு இவ்வளவுகோலை முதலில் இட்டுப் பார்க்கலாம். 1900இல் கட்டப்பட்ட வீடு அது. எட்டு அறைகள் கொண்டது. அவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள ஒரே சீன மாளிகை. டான் டெங் நியா மிட்டாய் ஆலைகள் வைத்து நடத்தியவர். இன்று அவ்வீட்டின் ஒவ்வொரு கதவுக்கும் சன்னலுக்கும் ஒவ்வொரு வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் அவ்வண்ணங்களின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு போகின்றனர். வண்ணம் கண்ணை நிறைக்கிறது; ஆனால் கொதிக்கும் பாகைக் கிளறிய கை எது என்ற வினா அவ்வண்ணத்திற்குள் மூழ்கிவிடுகிறது. ஆயினும் அஃது ஒரு வணிகர் இல்லம். தோட்ட மாளிகை என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆகையால் அதனோடு நமக்கு வழக்கு அதிகமில்லை.

இனிப் பர்கில் மண்டபம்.

முதலில் குணங்களைச் சொல்வோம். தாவரத் தோட்டம் இப்போதுள்ள இடத்தில் 1859இல் தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையாளர் குடியிருப்பதற்காக 1868இல் ஒரு மேட்டின்மேல் இவ்வீடு கட்டப்பட்டது. 1969 வரை, நூற்றோராண்டுக் காலம் தோட்டத் தலைவர்கள் இதில் வசித்தனர். தந்தையும் மகனுமாக இத்தோட்டத்துக்குத் தலைமை வகித்த இரு பர்கில்களின் நினைவாகவே இன்று இப்பெயர் வழங்குகிறது. உயர்ந்த கூரை, விரிந்த மேல்தளம், நாற்புறமும் காற்று நுழையத் திறந்த பக்கங்கள், வெயில் உட்புகாத இறவாரம் ஆகியவை மலாய் வீட்டின் அறிவையும் ஆங்கிலேயர் வசதியையும் ஒன்றாய்ச் சேர்த்த அமைப்புக்கள். இவ்வகைத் தோட்ட வீடுகளுள் இப்பிரதேசத்தில் எஞ்சியிருப்பது இஃதொன்றே என்று கருதப்படுகிறது. 2015ஆம் ஆண்டில் தாவரத் தோட்டம் முழுவதும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலிற் சேர்ந்தபோது இவ்வீடும் அப்பெருமையிற் பங்கு பெற்றது. விசிறியின்றி நடுப்பகலில் அங்கே நின்றோம், வியர்க்கவில்லை. கட்டியவர் அறிந்து கட்டியிருக்கின்றனர்.

இவ்வீட்டில் வாழ்ந்தவருள் மிகப் பெரியவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. 1888 முதல் 1911 வரை தோட்டத் தலைவராயிருந்தவர். அவருக்கு முன்பே, 1877இல், இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஹென்றி விக்ஹாம் என்பவர் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த மரபு அது. அவற்றுள் 11 இங்கே நடப்பட்டன. ஏனையவற்றுட் பெரும்பாலானவை பேராக்குக்குச் சென்றன. மரம் வளர்ந்தது, ஆனால் அதனைக் கொல்லாமல் பால் எடுப்பது எங்ஙனம் என்று தெரியவில்லை. ரிட்லி பல ஆண்டுகள் சோதனை செய்து, பட்டையை மெல்லியதாகச் சீவி, சீவிய விளிம்பிலேயே மறுபடியும் சீவி, மரத்தின் உயிருக்குக் கேடின்றி ஆண்டுக்கணக்காகப் பால் பெறும் முறையை 1890களில் நிலைநாட்டினார். சட்டைப்பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு, கண்ட துரைகளிடமெல்லாம் நடும்படி மன்றாடினார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவர்கள் நகைத்தனர். பிறகு உலகம் மோட்டார் ஏறியது. மோட்டாருக்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1917க்குள் இத்தோட்டத்திலிருந்து சுமார் 70 லட்சம் விதைகள் வெளியே சென்றன. 1920 அளவில் உலக ரப்பரிற் பாதி மலாயாவிலிருந்தே கிடைத்தது. பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் உழைத்த ஓர் அறிஞரின் நூறாண்டு வாழ்வுக்கு (அவர் 1956இல் மறைந்தார்) நாம் வணக்கம் செலுத்தத் தயங்கவில்லை.

குணங்கள் இவ்வளவு. இனிக் குற்றத்தைக் கூறுவோம்.

இவ்வீட்டைத் ‘தோட்டப் பாணி வீடு’ என்கின்றனர். தோட்டம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் எழுவது யாது? மேட்டில் ஒரு பங்களா, சரிவில் கிராணி வீடு, பள்ளத்தில் லயம். மூன்றும் சேர்ந்ததே தோட்டம். மேட்டை மட்டும் வெட்டியெடுத்து அதற்குப் ‘பாணி’ என்று பெயரிடுவது, ஒரு காவியத்தின் முடிசூட்டுப் படலத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு நூல் முழுவதும் இதுதான் என்று விற்பதற்கொப்பாகும். பர்கில் மண்டபம் சர்க்கார் உத்தியோகஸ்தர் குடியிருந்த வீடாகையால் அதன் அடியில் லயம் இருந்திருக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். சரியே. ஆனால் அந்த வீட்டில் விளைந்த அறிவுதான் நூற்றுக்கணக்கான மேடுகளில் பங்களாக்களையும், அவற்றின் கீழே ஆயிரக்கணக்கான லயங்களையும் எழுப்பியது. வேர் இங்கேயிருக்க, கிளையைப் பற்றிக் கேளாதே என்றால் எப்படி?

வீடு காற்றுக்காகக் கட்டப்பட்டது என்றோம். லயம் எதற்காகக் கட்டப்பட்டது? கணக்குக்காக. ஒரு நெடிய கொட்டகையை அறை அறையாகத் தடுத்து, அறைக்கு இத்தனை தலை என்று எண்ணிக் குடியேற்றினர். இரண்டு வீடுகளும் ஒரே வெயிலில், ஒரே மழையில் நின்றவை. வெப்ப நாட்டில் மனிதன் சுகமாய் வாழ்வதற்கு எத்தகைய கூரை வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும் என்பதை மேட்டு வீட்டைக் கட்டியவர் செவ்வையாக அறிந்திருந்தனர் என்பதற்கு அவ்வீடே சாட்சி. அறிந்திருந்தும் பள்ளத்தில் அதனைச் செய்யவில்லை. ஆகவே பர்கில் மண்டபத்தின் அழகு வெறும் அழகன்று. அஃது ஒரு வாக்குமூலமுமாகும். அதை அப்படி வாசிக்கத் தெரிந்தவனுக்கே அவ்வீடு முழுமையாகப் பேசும்.

ரிட்லியின் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முறை அவருடையது, ஆனால் முறையை நாள்தோறும் நடத்தியது யார்? பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, குளிர் நீங்குமுன் நிரைக்குள் நுழைந்து, முந்நூறு நானூறு மரங்களை ஒவ்வொன்றாகச் சீவி, மங்கு வைத்து, வெயிலேறப் பால் உறையுமுன் திரும்பி வந்து வாளியிற் சேர்த்துச் சுமந்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஆவர். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் புண்படும். ஒரு மயிரிழை குறைந்தால் பால் வாராது. விஞ்ஞானி ஏட்டில் எழுதியதைக் கைவிரலில் எழுதிக் காட்டியவர் அவர்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் மரத்தடிக்குப் போன தாயின் கைத்திறனைத் ‘திறன்’ என்று எவரும் சொல்லவில்லை. ‘கூலி’ என்றே சொன்னார்கள். அவர்கள் கையெழுத்து எங்கே எஞ்சியிருக்கிறது? மரப்பட்டையில் விழுந்த வெட்டு சில ஆண்டுகளில் மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். முப்பதாண்டு சென்றால் மரத்தையே வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வர். உலகில் இவ்வளவு விரைவாக அழியும் கையெழுத்து வேறில்லை.

அதே தாவரத் தோட்டத்தில், செடி வீட்டருகேயுள்ள படிக்கட்டுச் செங்கற்களில் அம்புக்குறிகள் காணப்படுகின்றன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிறைப்பட்ட ஆஸ்திரேலியப் போர்வீரர்கள், இவை கைதிகள் செய்தவை என்பதை உலகுக்கு உணர்த்தும் பொருட்டு ஈரக் களிமண்ணில் பதித்த குறிகள் அவை. அவற்றை வழிகாட்டிகள் வருவோர்க்குச் சுட்டிக் காட்டுகின்றனர். அது மிக நல்ல காரியம். கட்டாய உழைப்பின் குறியைக் காட்டுவதால் தோட்டத்தின் அழகு குறைந்துவிடவில்லை. அதே யுத்தத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுக் காட்டிலேயே மாண்ட தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களுக்குக் குறி பதிக்கச் செங்கல்கூடக் கிட்டவில்லை. பர்கில் மண்டபத்தைச் சுற்றி, இந்நாட்டுக்கு விருந்தினராய் வந்த தலைவர்களின் பெயர் தாங்கிய ஆர்க்கிட் மலர்கள் பூத்திருக்கின்றன. ஒருநாள் வந்து சென்றவர்க்கு ஒரு பூ. வாழ்நாளெல்லாம் மரத்தடியில் நின்றவர்க்கு?

இப்பொழுது ‘இறங்குதல்’ என்ற சொல்லுக்கு வருவோம்.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் கேட்டவை இவை: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு ஒரு கோரிக்கை இருந்தது. அதனைப் படிக்கும் இக்காலத்து இளைஞர்கள் திகைக்கக்கூடும். துரைமார் எதிரிலும் மேலாட்கள் எதிரிலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமலே செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது. சர்க்கார் அதற்கு விடையாகப் பட்டாளத்தை அனுப்பியது. துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

கூலியும் கல்வியும் கேட்டவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டார்கள்? கூலி வயிற்றைப் பற்றியது. சைக்கிள் மனிதத் தன்மையைப் பற்றியது. தன் காசில் வாங்கிய வண்டியில் தன் வழியே போகிறவன், இன்னொருவன் எதிரே வந்தான் என்பதற்காகத் தரையில் கால் வைக்க வேண்டுமென்றால், அவன் வாங்கியது வண்டியல்ல, மற்றோர் அவமானமே. இன்று வீட்டு வண்டியில் வருகிறவன் பங்களாவின் முன் மகிழ்ந்து இறங்குகிறான். அன்று அதன் முன் இறங்க மறுத்ததற்கு மனிதர் உயிர் கொடுத்தனர். இவ்விரண்டு இறக்கத்தையும் ஒருசேர நினைக்க முடியாதவனுக்குத் தோட்ட மாளிகை வெறும் சித்திரப் படமேயாகும்.

இவ்விடத்தில் நம்மவரையும் விட்டுவிடுவதற்கில்லை. துரைமாருக்கு மட்டுமன்றி மேலாட்களுக்கும் இறங்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மேலாட்களில் நம் நாட்டவர் பலர். கங்காணியும் கிராணியும் தத்தமக்கு ஒரு சிறு மேட்டை அமைத்துக்கொண்டனர். லயத்திலேயே சாதி பார்த்து, ஒருவன் வாசலில் இன்னொருவன் நின்றே பேச வேண்டும் என்று வைத்தவர்கள் வெள்ளையரல்லர். மேட்டு வீட்டைக் குறைகூறும் உரிமை, தன் வீட்டு வாசற்படியைச் சமன் செய்தவனுக்கே முழுமையாக உண்டு.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கட்டடம் சொல்லாமல் விட்டதை எழுத்துச் சொல்லியிருக்கிறதா?

மேட்டிலிருந்து எழுந்த எழுத்துக்கு நல்ல உதாரணம் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவல். அவரே சிலாங்கூரில் தோட்டம் நடத்தியவர். 1917இல் அவர் எண்ணெய்ப் பனையை வியாபாரப் பயிராக நட்ட இடத்தின் பெயர் தென்னமரம் தோட்டம் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். பெயரைத் தந்த நாவு தமிழ் நாவு. அந்நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. காட்டையும் மழையையும் அவர் கண்ட கண் கூர்மையானது. தமிழரும் அதில் வருகின்றனர். ஆனால் கதையின் கண் பங்களாவின் வராந்தாவிலேயே அமர்ந்திருக்கிறது. வராந்தாவிலிருந்து பார்க்கிறவனுக்கு லயத்தின் விளக்கு தெரியும். விளக்கடியில் நடக்கும் பேச்சுக் கேளாது.

பள்ளத்தின் பக்கம் நின்று எழுதியவற்றுள் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ முன்வரிசையில் நிற்பது. 1935இல் வெளியான அக்கதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் வாழ்வைக் கொண்டு, கப்பலேறுவதற்கு முன்பே துன்பம் ஊரில் தொடங்கிவிட்டது என்பதைக் காட்டியது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராய்ப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், பின்னர் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. நோயாளியின் நாடியைப் பிடித்த கை எழுதியதாகையால் அதில் மிகையான சொல்லுக்கு அவசியம் நேரவில்லை. மலேசியாவுக்கு வந்து சென்ற அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். மலேசியாவில் பிறந்த எழுத்தாளர்கள் சயாம் ரயிலைப் பற்றியும் தோட்டத் துண்டாடலைப் பற்றியும் எழுதி வைத்துள்ளனர். ஆகவே, கட்டடம் விட்ட குறையை எழுத்து ஓரளவு நிரப்பியுள்ளது என்று சொல்லலாம்.

ஓரளவு என்றதற்குக் காரணம் உண்டு. நமது தோட்டக் கதைகள் பலவற்றில் கண்ணீர் நிறைய இருக்கிறது. வேலை குறைவாக இருக்கிறது. கதாநாயகி அழுகிறாள், கங்காணி உறுமுகிறான், துரை குதிரையில் வருகிறான். ஆனால் பால்கத்தியை எப்படித் தீட்டினாள், மழை பெய்த நாளில் கூலி என்னவாயிற்று, ஒட்டுப்பாலை எந்தக் கூடையிற் சேர்த்தாள், நிரையின் எந்த மரத்துக்கு என்ன பட்டப்பெயர் வைத்தாள் என்பதைக் கதை சொல்வதில்லை. அழுகையை மட்டும் படித்த வாசகன் இரக்கப்படுவான். வேலையைப் படித்தவனோ மதிப்பான். இரக்கம் வராந்தாவிலிருந்தும் உண்டாகக்கூடியது. மதிப்பு உண்டாக வேண்டுமானால் கீழே வர வேண்டும். நம் இலக்கியக்காரர்களிடம் நமக்குள்ள வழக்கு இதுவே.

பிரயாணக் கட்டுரைகளின் நிலைமை இதனினும் தாழ்ந்தது. தோட்டத்துப் பேரன் நகரத்தில் உத்தியோகம் பெற்று, விடுமுறைக்கு மலைநாட்டுக்குச் சென்று, பழைய பங்களாவில் ஓர் இரவு தங்கி, “துரைமார் வாழ்ந்த வாழ்வை ஒருநாள் வாழ்ந்தோம்” என்று எழுதுகிறான். தங்கியதில் தவறில்லை, பணம் கொடுத்துத் தங்கினான். அந்தப் பங்களாவின் சன்னலிலிருந்து பார்த்தால் தன் பாட்டி நின்ற நிரை தெரிகிறதா என்று ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

இக்குறையை நீக்குவது இயலாத காரியமன்று. பிற நாடுகளில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றோரத்துக் கரும்புத் தோட்ட மாளிகைகளை நெடுங்காலம் திருமணங்களுக்கும் விருந்துகளுக்குமே வாடகைக்கு விட்டனர். 2014இல் விட்னி என்னும் தோட்டத்தைத் திறந்தபோது நிலைமை மாறியது. அங்கே வருவோர் அடிமைகளின் குடிசைகளைக் காண்கின்றனர்; அடிமையாயிருந்தோரின் பெயர் பொறித்த சுவரைப் படிக்கின்றனர்; மாளிகையும் இருக்கிறது, ஆனால் அது கதையின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கிறது. அதே ஆற்றோரத்தில் 1859இல் கட்டிய 64 அறை கொண்ட நாட்டோவே மாளிகை 2025 மே 15ஆம் தேதி தீக்கிரையாயிற்று. சிலர் அழுதனர், சிலர் மகிழ்ந்தனர். ஒரு வீடு எரியும்போது மக்கள் இவ்வாறு இரு கூறாய்ப் பிரிவது, அது நின்றபோது உண்மையை முழுதும் சொல்லவில்லை என்பதற்கே அடையாளம். அடிமை முறையும் நமது கங்காணி முறையும் ஒன்றேயென்று நாம் சொல்லவில்லை, வேற்றுமை பெரிது. காட்டும் முறையில் கற்பதற்குப் பாடம் உண்டு என்பதே நமது கருத்து.

நம்மவர் வாழ்ந்த இடங்களிலும் முன்மாதிரிகள் இருக்கின்றன. மொரீஷியசில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி துறை 2006இல் உலக மரபுடைமைப் பட்டியலிற் சேர்ந்தது. மாளிகையல்ல, கூலிகள் ஏறிய கற்படிகளே அங்கே போற்றப்படுகின்றன. இலங்கையில் கம்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, பாய், பாத்திரம், பிரஜா உரிமைத் தாள்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துள்ளனர். லயத்தைப் பார்ப்பதற்கும் ஜனங்கள் வருவார்கள் என்பதற்கு இது சாட்சி.

அப்படியாயின் மேட்டு வீடுகளை இடித்துவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கூடாது என்பதே நமது துணிபு. லயங்கள் ஏற்கெனவே போய்விட்டன. மலேசியத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் பால் மரத்தின் இடத்தில் எண்ணெய்ப் பனை நிற்கிறது. அதன் அடியில் இன்று உழைப்பவர்களிற் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். (அவர்கள் இருப்பிடம் எப்படியிருக்கிறது என்று கேட்பதும் நம் கடமையே, நம்மவர் அல்லர் என்பதால் வாய் மூடியிருப்பின் நாமும் வராந்தாவில் அமர்ந்துவிட்டோம் என்றாகும்.) பங்களாவையும் இடித்துவிட்டால் குற்றத்துக்கு இருக்கும் கடைசிச் சாட்சியையும் ஒழித்தவர்களாவோம். வீடு நிற்கட்டும். பர்கில் மண்டபத்தின் படியருகே ஒரு பால்கத்தியும், ஒரு மங்கும், ஒரு வாளியும் வைக்கட்டும். ரிட்லியின் பெயரோடு, அவர் முறையைக் கையால் நடத்தியோரின் வேலையை விளக்கி நான்கு வரி தமிழில் எழுதட்டும். ஒரு பூவுக்காவது ‘பால் வெட்டுத் தொழிலாளி’ என்று பெயர் சூட்டட்டும். அழகு குன்றாது, அர்த்தம் கூடும்.

அதிகாரிகள் செய்வார்களென்று காத்திராமல் நாமே செய்யக்கூடியதும் உண்டு. 1938இல் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முன் வந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் மிகச் சிலரே. அவர்கள் பிள்ளைகளுக்கும் வயதாகிவிட்டது. பெரட்டுப் போட்ட நேரம், நிரையின் நீளம், கூலிச் சீட்டு, தோட்டத்தை விட்டு நீங்கியபோது கொடுத்த தாள், பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா வைத்திருந்த சைக்கிளின் பெயர் இவையெல்லாம் வீடுதோறும் சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்திலிருக்கும் அன்பர்கள் பெரியோரைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். நகரத்து அன்பர்கள் அவற்றைச் சேர்த்து அச்சேற்ற வேண்டும். தோட்டத்தான் என்று சொல்லிக்கொள்ள நகரத்தான் கூசுவதும், நகரத்தானுக்கு நம் கதை வேண்டாம் என்று தோட்டத்தான் ஒதுங்குவதும் இனி வேண்டா.

துரைமாருக்கு மரமும் செங்கல்லும் இருந்தன. வீடு கட்டி வைத்துப் போனார்கள். நமக்கு இருப்பது எழுத்தொன்றே. அதைக் கொண்டு லயத்தை நாம் எழுப்பினால் எந்த மழையும் அதைக் கரைக்காது. அதன் வாசலுக்கு வருகிறவர் எவரையும் நாம் வண்டியை விட்டு இறங்கச் சொல்லப் போவதில்லை. உண்மையை அறிய விரும்புகிறவர் தாமே இறங்கி வருவார்.